இடுப்பு பெல்ட் முதல் 14416 வரை: நாள்பட்ட முதுகுவலிக்கு எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

சர்ஜிக்கல் கடைகளில் முதுகுவலிக்கென்றே ஓர் அலமாரி இருக்கும். இடுப்பு பெல்ட், வெந்நீர்ப் பை, மின்சார ஒத்தடப் பட்டை, டென்ஸ் கருவி, அகச்சிவப்பு விளக்கு, முள் வைத்த அக்குபிரஷர் செருப்பு என்று அடுக்கியிருப்பார்கள். பக்கத்து மெத்தைக் கடையில் 'ஆர்த்தோ' என்று அச்சிட்ட மெத்தை தனியாக நிற்கும். இவற்றில் முக்கியமானவற்றையும், 14416 என்ற மனநல உதவி எண் போலக் கடையில் கிடைக்காத சிலவற்றையும் இங்கே எடைபோடுகிறோம்.

ஒரு பொருளை உடம்பில் வைத்திருக்கும் அரைமணி நேரத்தில் வலி எவ்வளவு இறங்கியது என்பதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த ஆள் முன்பைவிடக் கூடுதலாக நடக்கிறாரா, குனிய அஞ்சாமல் குனிகிறாரா, தூக்கமும் மனசும் தேறியிருக்கிறதா என்றுதான் பார்த்தோம். மூன்று மாதத்தைத் தாண்டிய முதுகுவலிக்கு இந்த அளவுகோல்தான் பொருந்தும்.

முதுகுக்கும் மனசுக்கும் நடுவில்

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்திய வரையறையில், வலி என்பது புலன் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம். புதிதாக வந்த சுளுக்கில் முதல் பாதி ஓங்கி நிற்கும். மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் இரண்டாவது பாதி வளர்ந்துகொண்டே போகும். சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதிதாக முதுகுவலி வந்தவர்களை ஒரு வருடம் தொடர்ந்து மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் வலியைப் பதிவு செய்யும் பகுதிகளில் தெரிந்த செயல்பாடு, வலி நீடித்தவர்களிடம் மெல்ல மெல்லப் பயத்தையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகளுக்கு இடம் மாறியிருந்தது. குணமானவர்களிடம் அந்தச் செயல்பாடு தணிந்துபோனது.

இதைக் கேட்டதும் "அப்ப என் வலி பொய்யா, எல்லாம் மனப்பிரமையா?" என்று பலர் கோபப்படுவார்கள். வலி முழுக்க உண்மைதான். அதைக் கூட்டுகிற, குறைக்கிற இடங்கள் முதுகில் மட்டும் இல்லை என்பதே விஷயம்.

வலியும் மனசும் ஒன்றையொன்று கூட்டும் சுழற்சி பெரும்பாலும் ஒரு எம்ஆர்ஐ அறிக்கையில் தொடங்குகிறது. "ஜவ்வு விலகியிருக்கு", "எலும்பு தேய்மானம்", "நரம்பு நசுங்குது" என்ற மூன்று வாக்கியங்கள் ஒரு மனிதரைப் பல வருடம் முடக்கிவிட வல்லவை. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை அலசி 2015-ல் வந்த ஆய்வுத் தொகுப்பைப் பாருங்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதத்தினருக்கு வட்டுத் தேய்மானம் (முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வின் தேய்மானம்) தெரிந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். ஆகவே தலைநரை போல வயதோடு வரும் மாற்றங்கள் பலவும் அறிக்கையில் நோய்ப் பெயரோடு அச்சாகிவிடுகின்றன. படித்தவர் குனிவதை நிறுத்துகிறார், குடம் தூக்குவதை நிறுத்துகிறார், பிறகு கல்யாணம் காட்சிக்குப் போவதையும் நிறுத்துகிறார். வீட்டில் தன் இடம் சுருங்குகிறது. தூக்கம் கெடுகிறது. "ஒண்ணுலயும் பிடிப்பு இல்ல" என்ற நிலை வரும்போது அதுவரை பத்துக்கு 5 மதிப்பெண் கொடுத்த வலிக்கு 8 கொடுக்கிறார். கூடியது தேய்மானம் அல்ல. ஆனாலும் அடுத்த ஸ்கேன் எழுதப்படுகிறது.

இந்தச் சுழற்சியில் கவனிக்காமல் விடப்படுவது உணர்ச்சியைக் கையாளும் திறன். கோபமோ பயமோ அவமானமோ எழும்போது அதை விழுங்கிவிடாமலும், அதன் போக்கில் அடித்துச் செல்லப்படாமலும் நிற்கும் திறன் அது. நாள் முழுக்க வலியோடு இருப்பவருக்கு இது சீக்கிரம் தீர்ந்துபோகும். சின்னச் சொல்லுக்கும் வெடிப்பார், அல்லது ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். இரண்டு நிலையிலும் இடுப்புத் தசைகள் இறுகியே இருக்கும், வலி ஏறும். நம் வீடுகளில் மனச்சோர்வை அந்தப் பெயரில் யாரும் சொல்வதில்லை. "உடம்பு அசதியா இருக்கு", "கை காலெல்லாம் விட்டுப்போச்சு" என்றுதான் அது வெளியே வரும். கேட்பவர்களும் தைலம் வாங்கித் தருகிறார்கள்.

எதையும் வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை. சிறுநீர் போக முடியாமை அல்லது தன்னையறியாமல் போவது, உட்காரும் பகுதி மரத்துப்போவது, பாதம் திடீரெனத் தொங்கிப்போவது ஆகியவை இருந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்த பிறகு வந்த வலி, நீண்டகால ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவை இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் அரிதல்ல. இவை எதுவும் இல்லாதவர்களுக்கே கீழே வருபவை பொருந்தும்.

இடுப்பு பெல்ட்

அதிகம் பேர் வாங்குவது இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகுவலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில் இதை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. எங்கள் கருத்தும் அதுவே.

பெல்ட் போட்டால் தசை வலுவிழந்துவிடும் என்று பலர் எச்சரிப்பார்கள். அதற்கு ஆதாரம் உறுதியாக இல்லை. எங்கள் கவலை வேறு. காலையில் எழுந்ததும் பெல்ட்டை இறுக்குபவர், "என் முதுகு தானாக நிற்காது" என்று தனக்குத் தினமும் சொல்லிக்கொள்கிறார். பெல்ட் இல்லாமல் வாசல்வரை போகவும் பயம் வருகிறது. அன்று வலி கூடினால் "பெல்ட் போடாததால்தான்" என்ற விளக்கம் தயாராக இருக்கிறது. குனிந்தால் ஒன்றும் ஆகாது என்று உடம்பு கற்றுக்கொள்ளும் வாய்ப்பே அதன்பின் வருவதில்லை. வலி நீடிக்க முக்கியக் காரணம் இந்தப் பயம் என்கிறபோது, பயத்தை வளர்க்கிற பொருளுக்கு நல்ல மதிப்பெண் தர முடியாது.

பெல்ட்டுக்கு ஒரே ஒரு இடம் உண்டு. திடீரென வலி ஏறிய முதல் சில நாட்களில், குண்டும் குழியுமான சாலையில் பேருந்துப் பயணம், தவிர்க்க முடியாத சுமைவேலை போன்றவற்றுக்கு மட்டும் ஒரு மணி, இரண்டு மணி நேரம். அப்படி வாங்குவதானால் பேண்ட் அளவைச் சொல்லி வாங்காதீர்கள். தொப்புள் மட்டத்தில் இன்ச் டேப்பால் சுற்றளவு எடுத்து, பெட்டியிலுள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பனியனுக்கு மேல் கட்ட வேண்டும். உட்கார்ந்தபோது கீழ் விளிம்பு தொடையில் குத்தினால் அகலம் அதிகம். ஒரு விரல் உள்ளே நுழையும் அளவுக்கு இறுக்கம் போதும். தூங்கும்போது கூடாது. எந்தத் தேதியில் நிறுத்தப் போகிறோம் என்பதை வாங்கிய அன்றே முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டிருப்பவர் ஒரேயடியாகக் கழற்றினால் பயத்தில் மறுபடி போட்டுக்கொள்வார். பாதுகாப்பாக உணரும் வேலையிலிருந்து, உதாரணமாக வீட்டுக்குள் நடப்பதிலிருந்து, தினம் அரைமணி நேரமாகக் குறைத்துக்கொண்டு வருவது நல்லது.

வெந்நீர்ப் பை

சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதில் உருப்படியானது இது. சூடு நோயைக் குணப்படுத்தாது. ஆய்வுகளில் தெரிவதும் குறுகிய கால நிவாரணம்தான். ஆனால் இறுகிய தசையைத் தளர்த்தி, உடம்புக்கு "பரவாயில்லை, ஆபத்தில்லை" என்ற செய்தியைத் தருகிறது. உணர்ச்சி கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இது சின்ன உதவி இல்லை.

எப்போது வைக்கிறோம் என்பதில்தான் பயன் இருக்கிறது. நாள் முழுக்கப் பையோடு படுத்திருந்தால் அதுவும் இன்னொரு பெல்ட்தான். நடக்கப் போகும் முன் 15 நிமிடம், படுக்கும் முன் 15 முதல் 20 நிமிடம் போதும். படுக்கும் முன் வைக்கும்போது கீழே சொல்லியிருக்கும் மூச்சுப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொதிக்கும் நீரை ஊற்றக் கூடாது. கொதித்து இறக்கிச் சில நிமிடம் ஆறிய நீர் வேண்டும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், மூடும் முன் பையைச் சாய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். தலைகீழாகப் பிடித்துக் கசிவு பார்த்து, துண்டில் சுற்றி வையுங்கள். பையின் மேல் ஏறிப் படுக்காதீர்கள், அழுத்தத்தில் வெடிக்கும். ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் அந்தப் பையைத் தூக்கி எறிந்துவிடலாம். சர்க்கரை நோயால் தோலில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சுடுவது தெரியாமலே கொப்பளித்துவிடும். அவர்களுக்கு வேறொருவர் கையால் தொட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்தால் தோலில் வலைபோலப் பழுப்புக் கோடுகள் விழும். அது தெரிந்தால் சூட்டையும் நேரத்தையும் குறைக்க வேண்டும்.

மின்சார ஜெல் பையும் இதே வேலையைச் செய்யும், விலை கூடுதல். சார்ஜ் ஏறும்போது உடம்பில் வைத்திருக்கக் கூடாது. வறுத்த உப்பைத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடத்துக்கும் பலன் அதேதான், சூடு சீராக இருக்காது என்பதைத் தவிர. அதில் இன்னொரு நன்மை உண்டு: வேறொருவர் கை படுகிறது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார். மனசு சோர்ந்தவருக்கு அந்தப் பத்து நிமிடப் பேச்சும் மருந்துதான்.

மிளகாய்ச் சாரம் சேர்ந்த களிம்பும் பிளாஸ்டரும் உலக சுகாதார நிறுவன வழிகாட்டியில் நிபந்தனையோடு ஏற்கப்பட்டவை. தடவியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் அவ்வளவுதான். களிம்பு தடவிய இடத்தில் வெந்நீர்ப் பையை வைக்கவே கூடாது, தோல் வெந்துபோகும்.

டென்ஸ் கருவி

தோல் வழியாகச் சிறு மின்துடிப்பு அனுப்பும் பெட்டி. 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு வலி ஆய்வாளர்கள் முன்வைத்த 'வாயில் கதவு'க் கோட்பாட்டிலிருந்து பிறந்தது: தொடு உணர்வின் செய்தி கூடினால் தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு வழி குறுகும். உலக சுகாதார நிறுவனம் இதையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது சிலருக்கு வலி இறங்கும், அணைத்தால் திரும்பும். கட்டிலில் படுத்தபடி போடுபவருக்கு ஒரு மாதம் கழித்தும் எதுவும் மாறியிருக்காது. பணம் மிஞ்சுகிறவர்கள், நடக்கும் அரைமணி நேரத்தில் இடுப்பில் மாட்டிக்கொண்டு நடப்பதற்காக மட்டும் வாங்கலாம். அந்த அரைமணியில் வலி குறைந்து, நடந்தும் ஒன்றும் ஆகவில்லை என்ற அனுபவம் கிடைத்தால் கருவி தன் வேலையைச் செய்துவிட்டது.

வாங்குவதானால் துடிப்பு வேகத்தையும் அகலத்தையும் (ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம்) தனித்தனியே மாற்ற முடிகிற, இரண்டு சேனலும் தோலில் ஒட்டும் நான்கு பேட்களும் உள்ள கருவியாகப் பாருங்கள். மசாஜர் என்று விற்கும் மலிவான பட்டைகளில் பலவும் தசையைத் துடிக்க வைப்பவை, இந்த வேலைக்கு ஆகாது. வேகம் 80 முதல் 100 ஹெர்ட்ஸ், அகலம் 100 முதல் 200 மைக்ரோவிநாடி வையுங்கள். பேட்களை வலிக்கும் பகுதிக்கு இருபுறமும், முதுகெலும்பிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி ஒட்டுங்கள். எலும்பின் மேல் ஒட்டாதீர்கள். வலுவாகத் தெரிய வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் உணர்வு பழகிப்போகும்; அப்போது சற்றுக் கூட்ட வேண்டும். "முதல் வாரம் வேலை செஞ்சது, அப்புறம் செய்யல" என்பவர்களில் பலர் கூட்டாமலே விட்டவர்கள், இல்லையென்றால் காய்ந்த பேட்டையே ஒட்டிக்கொண்டிருப்பவர்கள். தைலம் தேய்த்த தோலில் பேட் பிடிக்காது, துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பயன்படுத்தக் கூடாது. கழுத்தின் முன்புறத்திலும் புண்பட்ட தோலிலும் ஒட்டக் கூடாது, வண்டி ஓட்டும்போது போடக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மெத்தை, மற்றவை

'ஆர்த்தோ' என்றால் கல்லுப்போல இருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. ஸ்பெயினில் நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 313 பேருக்கு மெத்தை கொடுத்துப் பார்த்து 2003-ல் வெளிவந்த ஆய்வில், மிகக் கடினமானதைவிட நடுத்தரக் கடினம் கொண்ட மெத்தையில் படுத்தவர்கள் 90 நாளில் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமுங்க வேண்டும், முதுகு நேராக இருக்க வேண்டும். கடையிலேயே பத்து நிமிடம் படுத்துப் பார்க்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. கட்டாந்தரையில் படு என்ற அறிவுரைக்கு அடிப்படை கிடையாது. ஆனால் நடுவில் குழி விழாத மெத்தை வீட்டில் இருந்தால் புதிதாக வாங்கவும் வேண்டாம். அந்தப் பணத்தில் படுக்கையறை ஜன்னலுக்கு நல்ல திரை போடுங்கள். தூக்கக் கேடு வலியையும் மனச்சோர்வையும் ஒருசேரக் கூட்டும்.

இழுவைச் சிகிச்சை (டிராக்ஷன்), அல்ட்ராசவுண்ட் சிகிச்சை இரண்டையும் உலக சுகாதார நிறுவன வழிகாட்டி வேண்டாம் என்கிறது. பத்து நாள் பேக்கேஜ் என்று முன்பணம் கேட்டால் யோசியுங்கள். அகச்சிவப்பு விளக்கு செய்வதை வெந்நீர்ப் பையே செய்துவிடும். அக்குபிரஷர் செருப்பு வேண்டாம்.

கோடு போட்ட நோட்டு

எங்கள் பார்வையில் இந்தப் பட்டியலிலேயே அதிக மதிப்பெண் பெறுவது நூறு பக்க நோட்டு. காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் ஒவ்வொரு வரி எழுத வேண்டும்: என்ன செய்தேன், என்ன நடந்தது, மனசு எப்படி இருந்தது, வலி பத்துக்கு எத்தனை. இரண்டு வாரம் எழுதினால் ஏதோ ஒரு ஒழுங்கு தெரியவரும். குனிந்த நாளைவிடக் கடன்காரர் போன் செய்த நாளில் வலி கூடியிருப்பதை எழுத்தில் பார்ப்பதற்கு இருக்கும் பலம், ஆயிரம் முறை வாயால் சொன்னாலும் வராது. வலியை மட்டும் எழுதினால் நோட்டே கேடாகிவிடும். நாள் முழுக்க வலியைத் தேடிக்கொண்டிருக்க வைக்கும். மனசுக்கான வரியை விடாதீர்கள்.

நடையின் அளவையும் அதிலேயே குறிக்கலாம். மோசமான நாளிலும் வலி கூடாமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று மூன்று நாள் பாருங்கள். அது பத்து நிமிடம் என்றால் எட்டில் தொடங்குங்கள். தினமும் எட்டு, நல்ல நாள் என்று இருபதுக்குப் போகவும் கூடாது, வலிக்கிறது என்று பூஜ்யத்துக்கு இறங்கவும் கூடாது. வாரம் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டலாம். நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு, வலி குறைந்த ஞாயிற்றுக்கிழமையில் பரண் ஒழித்து, கம்பளி துவைத்து, பாத்திரமெல்லாம் விளக்கிவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவது. இந்த ஏற்ற இறக்கம் உடம்பைவிட மனசை அதிகம் உடைக்கும். "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற முடிவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சாட்சி சேர்ந்துவிடுகிறது. காய் நறுக்குவதைக்கூட இருபது நிமிடமாகப் பிரித்து, நடுவில் எழுந்து நில்லுங்கள்.

நடையின் மதிப்புக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து நல்ல சான்று இருக்கிறது. முதுகுவலியிலிருந்து அப்போதுதான் தேறியிருந்த 701 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் படிப்படியாக, வாரம் ஐந்து நாள் 30 நிமிடம் என்ற இலக்கை நோக்கி நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர இடைநிலைக் கணக்கில் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவருக்கு) 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். மொட்டைமாடியில் நடந்தாலும் கணக்கில் சேரும்.

வலி ஏறும் அந்தப் பத்து நிமிடம்

உணர்ச்சியைக் கையாளப் பழகினால் வலி குறையுமா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 263 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வலியைச் சமாளிக்கக் கற்றுத்தரும் இரண்டு மணி நேர ஒற்றை வகுப்பு ஒன்றை எட்டு அமர்வுகள் கொண்ட பதினாறு மணி நேர மனநலச் சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். வலியைப் பற்றிய பேரச்சத்தைக் குறைப்பதில் மூன்று மாதம் கழித்தும் ஒற்றை வகுப்பு பின்தங்கவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக் குழு 2025-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. நாள்பட்ட வலி உள்ள 89 பேரில் ஒரு பிரிவினருக்கு இணையவழியில் எட்டு அமர்வுகளில் உணர்ச்சியைக் கையாளும் பயிற்சி மட்டுமே தந்தார்கள். உணர்ச்சிக் கொந்தளிப்பும் மனச்சோர்வும் முதலில் குறைந்தன, வலி அதன்பின் இறங்கியது. இந்த வரிசையைக் கவனியுங்கள். வலி போனால் மனசு சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்களுக்கு இதில் பெரிய சேதி இருக்கிறது.

இந்தப் பயிற்சிகளின் சாரத்தை வீட்டிலேயே தொடங்கலாம். முதலாவது வெளிமூச்சு. மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். வயிற்றில் வைத்த கை எழும்ப வேண்டும், தோள் எழும்பக் கூடாது. மூச்சைப் பிடித்து நிறுத்தாதீர்கள். தலை சுற்றினால் அதிகமாக இழுக்கிறீர்கள் என்று பொருள், ஆழத்தைக் குறையுங்கள். வலி எட்டைத் தொட்ட அன்று முதன்முதலாக முயன்றுவிட்டு "இதெல்லாம் சும்மா" என்று விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. நீச்சலை வெள்ளத்தில் பழக முடியாது. வலி தணிந்திருக்கும் காலையிலும் இரவிலும் இரண்டு வாரம் செய்த பிறகே அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

அடுத்து, உணர்ச்சிக்குப் பெயர் வையுங்கள். "வலிக்குது" என்பதோடு நிறுத்தாமல், "மருமகள் சொன்ன சொல் அவமானமாக இருந்தது, அதன்பின் ஐந்திலிருந்து ஏழாகியது" என்கிற அளவுக்குத் துல்லியமாக. கோபமா, பயமா, வெட்கமா, துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் அதன் பிடி தளரும். பிறகு மனசுக்குள் ஓடும் வாக்கியத்தைப் பிடியுங்கள். "இனி எழுந்திருக்கவே முடியாது" என்பது ஓடினால், நோட்டைப் புரட்டி உண்மையைப் பாருங்கள்: போன செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் ஏறியது, மாலைக்குள் இறங்கியது. அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கடைசியாக, உணர்ச்சி இழுக்கும் திசைக்கு எதிர்த்திசையில் சிறியதாக ஒன்று செய்யுங்கள். படுத்துக்கொள்ளத் தோன்றினால் இரண்டு நிமிடம் கூடத்தில் நடங்கள். கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றினால் ஒருவருக்குப் போன் செய்யுங்கள்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. "வலிக்குதா? வலிக்குதா?" என்று அடிக்கடி கேட்பதும், கையிலிருக்கும் வேலையைப் பிடுங்கிச் செய்வதும் அன்பில் வருபவைதான். ஆனால் அவை பயத்தை உறுதிப்படுத்துகின்றன. "இன்னிக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க?" என்று கேளுங்கள்.

14416

இரண்டு கேள்விகளை உங்களுக்கே கேட்டுக்கொள்ளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? இல்லவே இல்லை 0, சில நாட்கள் 1, பாதி நாட்களுக்கு மேல் 2, கிட்டத்தட்ட தினமும் 3. இரண்டையும் கூட்டி மூன்றோ அதற்கு மேலோ வந்தால் ஒரு மனநல நிபுணரிடம் பேச வேண்டும். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் கூட்டல் கணக்கு வேண்டாம், உடனே பேசுங்கள்.

அதற்கு எளிதில் கிடைக்கும் சேவை டெலி-மானஸ். 2022 அக்டோபர் 10 அன்று ஒன்றிய அரசு தொடங்கியது. பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் இதன் தலைமை மையம். எண் 14416, அல்லது 1800-891-4416. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். முதலில் எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கோ, மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ, அரசு மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார்கள்.

நாள்பட்ட வலிக்காரர்கள் இதைப் பயன்படுத்தும்போது தொடக்க வாக்கியம் முக்கியம். "முதுகுவலி" என்று ஆரம்பித்தால் பேச்சு எலும்பையும் ஸ்கேனையும் சுற்றியே போகும். "எட்டு மாசமா முதுகுவலி, அதோட தூக்கம் இல்லை, எதுவும் பிடிக்கல, சின்னதுக்கும் கோபம் வருது" என்று நான்கையும் ஒன்றாகச் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் நோட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பேச முடிகிற இடமும் நேரமும் பாருங்கள். பெண்கள் பலருக்கு அது மொட்டைமாடியோ கடைக்குப் போகும் வழியோதான். எட்டு வாரம் தொடர்ந்து ஒரே ஆளிடம் பெறும் சிகிச்சைக்கு ஒரு தொலைபேசி எண் ஈடாகாது. அதற்கு எங்கே போகலாம் என்று அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். முதல் அழைப்புக்கான இடம் என்ற வகையில் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம்.

நடமாட முடியாமல் வீட்டோடு இருக்கும் பெரியவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

மனநல மருத்துவர் துலோக்செட்டின் எழுதலாம். மனச்சோர்வுக்கும் நாள்பட்ட தசை, எலும்பு வலிக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது; வலிக்கான அனுமதி 2010-ல் வந்தது. முதுகுவலிக்கு மட்டும் இந்த வகை மருந்தை வழக்கமாகத் தர வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மனச்சோர்வும் சேர்ந்திருப்பவருக்கு மருத்துவர் எழுதினால் அதற்குக் காரணம் உண்டு, "எனக்கென்ன பைத்தியமா" என்று சீட்டைக் கிழிக்க வேண்டாம். முதல் வாரத்தில் குமட்டல் வரலாம். சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் குறையும், பெரும்பாலும் தானே நின்றுவிடும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். ரத்த அழுத்தம், கல்லீரல், கண் அழுத்த நோய், குடிப்பழக்கம், சாப்பிடும் மற்ற மாத்திரைகள் ஆகியவற்றை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தேறிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் உடம்பில் ஷாக் அடிப்பது போன்ற உணர்வும் வரலாம். வலி திரும்பிவிட்டது என்று நினைத்துப் பலர் பயந்துபோவது அப்போதுதான். நிறுத்துவதானால் எழுதியவரிடம் சொல்லி, அவர் கொடுக்கும் கணக்குப்படி அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள்.